கணைய கேன்சர் ஸ்டேஜ் 4: அப்பாவை காம்பினேஷன் மருந்து ட்ரையல்ல சேக்கலாமா? வியாழக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்

காவேரிக்கரை_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுறது இதான் மொதல் தடவ. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 66 வயசு, கவர்மென்ட் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நாலஞ்சு மாசமா சாப்பாடு எறங்கல, மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் வலி, 11 கிலோ கொறஞ்சிட்டாரு. மொதல்ல கேஸ் ட்ரபிள்னு மாத்திரை, அப்புறம் புதுசா சுகர் வந்திருக்குன்னு அதுக்கொரு மாத்திரை, கடைசில கண்ணு மஞ்சளானப்பதான் ஸ்கேன் எடுத்தாங்க. கணையத்தோட தலைப்பக்கம் கட்டி, லிவர்ல ரெண்டு எடத்துல பரவியிருக்கு. கட்டிலேந்து துணுக்கு எடுத்துப் பாத்த பயாப்ஸில அடினோகார்சினோமாங்கற கேன்சர் வகைன்னு வந்துச்சு. பித்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சதும் மஞ்சள் எறங்கிருச்சு, இப்ப அவரே குளிச்சு, அவரே நடந்து டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றாரு. ஆபரேஷனுக்கு வழியில்லன்னு சொல்லிட்டாங்க.

டாக்டர் சொன்னது: வழக்கமா குடுக்குற கீமோ ஆரம்பிக்கலாம், இல்லன்னா இங்க ஒரு ஃபேஸ் 3 ட்ரையல் (புது மருந்த வழக்கமான வைத்தியத்தோட ஒப்பிட்டு நெறைய பேர்கிட்ட பாக்குற சோதனை) நடக்குது அதுல சேரலாம். ட்ரையல்ல ஒரு பாதிப் பேருக்கு ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து, இன்னொரு பாதிப் பேருக்கு அதே ரெண்டு கூட ஒரு புது மாத்திரை. அந்த மாத்திரைக்கு இன்னும் பேர் கூட வைக்கல, நம்பர்தான் இருக்கு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுமாம்.

துபாய்ல இருக்குற தம்பி "அப்பாவை சோதனை எலி ஆக்காத"ன்னு போன்ல சத்தம் போடுறான். அம்மா பெரிய டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்குது. அப்பா "நீ படிச்சவ, நீ காட்டுற எடத்துல கையெழுத்து போடுறேன்"னுட்டாரு. அதுதான் எனக்கு ராத்திரி தூக்கமே இல்லாம பண்ணுது.

நான் கேக்குறது: புது மாத்திரை கெடைக்காத பக்கம் விழுந்தா சும்மா வெறும் மாத்திரை குடுத்து ஏமாத்துவாங்களா? நடுவுல வேணாம்னு வெளிய வர முடியுமா? மருந்து மேல மருந்து சேத்துக்கிட்டே போனா இந்த ஒடம்பு தாங்குமா? நெட்ல தேடுனா 6 மாசம், 8 மாசம், 11 மாசம்னு போட்டிருக்கான், அத படிச்சுட்டு அப்பா மூஞ்சிய பாக்க முடியல. வியாழக்கிழமை பதில் சொல்லணும்.

நொய்யல்_காத்து

தங்கச்சி, நான் ஒரு கேன்சர் யூனிட்ல ஒம்போது வருஷமா ட்ரையல் கோஆர்டினேட்டரா இருக்கேன், டாக்டர் இல்ல. அதனால எந்த மருந்து நல்லதுன்னு சொல்ல மாட்டேன், ட்ரையல் எப்படி நடக்கும்ங்கறத மட்டும் சொல்றேன்.

மொதல்ல அந்த வெறும் மாத்திரை பயம். உங்க அப்பா எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்சல் ரெண்டும் ஏறும், அது ட்ரையலுக்கு வெளிய குடுக்குற அதே வைத்தியம்தான். சில ட்ரையல்ல புது மாத்திரை மாதிரியே இருக்குற மருந்தில்லாத மாத்திரைய கூட சேத்து குடுப்பாங்க, அதுக்கு பேரு ப்ளாசிபோ, யாருக்கு எது போகுதுன்னு டாக்டருக்கும் தெரியாது பேஷன்ட்டுக்கும் தெரியாது, ஆனா அதுவும் கீமோவுக்கு மேலதான் குடுப்பாங்களே தவிர கீமோவுக்கு பதிலா இல்ல. இது அந்த மாதிரி ட்ரையலான்னு நேரடியாவே கேளுங்க, ஃபார்ம்லயே எழுதியிருக்கணும். நிரூபணமான வைத்தியம் இருக்குற நோய்க்கு அத நிறுத்தி வச்சுட்டு வெறும் மாத்திரை மட்டும் குடுத்து அதனால பாதிப்பு வந்தா, அதுக்கு நஷ்டஈடு குடுத்தாகணும்னு 2019ல வந்த புது மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள்லயே இருக்கு.

வெளிய வர்றது உங்க உரிமை. இன்னைக்கு கையெழுத்து போட்டுட்டு நாளைக்கு வேணாம்னாலும் காரணம் கூட சொல்ல வேண்டியதில்ல, அதுக்காக ஆஸ்பத்திரி வழக்கமான வைத்தியத்த நிறுத்தக்கூடாது. ஒப்புதல் படிவம் தமிழ்ல கேளுங்க. இங்கிலீஷ் படிவத்துல அவசரமா கையெழுத்து வாங்குனா போடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி பொறுமையா படிக்க நேரம் கேளுங்க. கடைசிப் பக்கத்துல எத்திக்ஸ் கமிட்டி (ட்ரையல் நியாயமா நடக்குதான்னு பாக்குற குழு) நம்பர் இருக்கும், அது சும்மா போட்டதில்ல, நீங்க கூப்பிடத்தான். ட்ரையல்னால ஒடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியம் இலவசம், ட்ரையல்தான் காரணம்னு தெரிஞ்சா நஷ்டஈடும் உண்டு.

இன்னொண்ணு, அந்த ட்ரையலுக்கு சிடிஆர்ஐ நம்பர் இருக்கான்னு பாருங்க. இந்தியாவுல 2009 ஜூன் 15லேந்து எந்த ட்ரையலா இருந்தாலும் அந்த அரசாங்கப் பதிவேட்டுல ஏத்தணும்ங்கறது கட்டாயம். அந்த நம்பர போட்டு தேடுனீங்கன்னா யார் நடத்துறாங்க, எத்தன பேர சேக்குறாங்க, யாரெல்லாம் சேர முடியாதுன்னு எல்லாமே வீட்டுலருந்தே படிச்சுக்கலாம்.

செலவு பத்தி வெக்கப்படாம கேளுங்க. புது மாத்திரை இலவசமா இருக்கும், ஆனா கூட போற கீமோ, ஸ்கேன், ரத்த டெஸ்ட், பஸ் செலவு இதெல்லாம் யார் தலைலன்னு ட்ரையலுக்கு ட்ரையல் மாறும். நாப்-பாக்லிடாக்சல் உங்க கைக்காசுன்னா அது சின்ன தொகை இல்ல.

தம்பி சோதனை எலின்னு சொல்றது எனக்கு புரியுது, பாசத்துல சொல்றாரு. ஆனா இன்னைக்கு வழக்கமான கீமோன்னு சொல்றோமே, அதுவும் ஒரு காலத்துல ட்ரையல்ல நம்பரா இருந்ததுதான், யாரோ ஒருத்தரோட அப்பா அம்மா அதுல கையெழுத்து போட்டிருக்காங்க.

வைகை_வாசகன்

நான் கேக்குறது மடத்தனமா இருக்கலாம். அஞ்சு மருந்து வேலை செய்யுதுன்னா அஞ்சையும் சேத்து மொதல் நாளே குடுத்துட வேண்டியதுதானே, எதுக்கு பாதிப் பேருக்கு குடுத்து பாதிப் பேருக்கு குடுக்காம வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கணும்? என் சித்தப்பா இதே நோய்ல போனாரு, அன்னைலேந்து இந்தக் கேள்வி மண்டைக்குள்ள இருக்கு.

இரவுப்பணி_மருத்துவன்

வாசகன், இதுல மடத்தனம் எதுவும் இல்ல, இந்தத் துறையே முப்பது வருஷமா இந்தக் கேள்வியோடதான் மல்லுக்கட்டுது. நான் மெடிக்கல் ஆன்காலஜி. டியூட்டி முடிஞ்சு எழுதுறேன், கோர்வையா இல்லன்னா பொறுத்துக்கோங்க.

1997ல 126 பேர வச்சு ஒரு ட்ரையல் வந்துச்சு, ஜெம்சிடபினா, 5-எஃப்யூங்கற பழைய கீமோ மருந்தான்னு. ஜெம்சிடபின்ல மீடியன் ஆயுசு, அதாவது பாதிப் பேர் தாண்டுன அளவு, 5.65 மாசம், 5-எஃப்யூல 4.41 மாசம். ஒரு வருஷம் தாண்டுனவங்க 18 சதவீதம், அந்தப்பக்கம் 2 சதவீதம். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனா வலி கொறஞ்சுது, நடமாட்டம் கூடுச்சு, அதனால ஜெம்சிடபின்தான் வழக்கமான வைத்தியம்னு ஆச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல உலகம் முழுக்க செஞ்சது நீங்க சொல்றதேதான், ஜெம்சிடபினோட எத சேக்கலாம்னு ஒவ்வொண்ணா சேத்துப் பாத்தாங்க. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின், பெவாசிசுமாப், செடுக்சிமாப். பெரிய ட்ரையல்ல எதுவும் நிக்கல. எர்லோடினிப் மட்டும் 569 பேர்ல ஜெயிச்சுது, எவ்வளவு வித்தியாசத்துலன்னா 5.91 மாசம் 6.24 மாசமாச்சு. பத்து நாள். அந்த பத்து நாளுக்கு மூஞ்சியெல்லாம் கொப்புளம், பேதி.

2011ல ஃபிரான்ஸ்லேந்து வந்ததுதான் மொதல் பெரிய மாத்தம். தியரி கான்ராய் குழு ஜெம்சிடபின தூக்கி ஓரமா வச்சுட்டு 5-எஃப்யூ, லூகோவோரின், இரினோடெகான், ஆக்சாலிபிளாட்டின்னு நாலையும் சேத்து ஃபோல்ஃபிரினாக்ஸ்னு குடுத்தாங்க, 342 பேர். ஜெம்சிடபின் மட்டும் வாங்குனவங்களுக்கு 6.8 மாசம், இதுல 11.1 மாசம். கட்டி சுருங்குனது 9.4 சதவீதத்துலேந்து 31.6க்கு ஏறுச்சு. ஆனா வெள்ளை அணு கடுமையா விழுந்தவங்க 45.7 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ரெண்டுல ஒருத்தர். அதோட அந்த ட்ரையல்ல 75 வயசுக்கு மேல யாரையும் சேக்கல, படுக்கைல இருக்குறவங்கள சேக்கல, ரத்தத்துல பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலை அளவு, ஏறியிருந்தா சேக்கல. இன்னொரு விஷயம் எனக்கு அன்னைக்கு ஆச்சரியமா இருந்துச்சு, இன்னைக்கும் பேஷன்ட்டுக்கு சொல்லுவேன்: ஆறு மாசத்துல வாழ்க்கைத்தரம் மோசமா இறங்குனவங்க ஃபோல்ஃபிரினாக்ஸ்ல 31 சதவீதம், ஜெம்சிடபின்ல 66 சதவீதம். மருந்து கடுமைதான், ஆனா நோய் அதவிட கடுமையா இருக்கு, நோய அடக்குனா மனுஷன் நல்லாவே இருக்கான்.

2013ல நாப்-பாக்லிடாக்சல் ப்ளஸ் ஜெம்சிடபின், 861 பேர், 6.7 மாசம் 8.5 ஆச்சு, ஒரு வருஷம் தாண்டுனவங்க 22லேந்து 35 சதவீதம். கை கால் மரத்துப்போறது இதுல 17 சதவீதம் பேருக்கு கடுமையா வந்துச்சு. உங்க அப்பா ட்ரையல்ல ரெண்டு பக்கமும் இருக்கறது இதுதான்.

இப்ப வாசகன் கேட்டதுக்கு நேர் பதில். இந்த கட்டி மத்த கட்டி மாதிரி இல்ல, இதுல கேன்சர் செல்ல விட சுத்தி இருக்குற நார்தான் ஜாஸ்தி, தேங்காய்க்கு மேல மட்டை இருக்குற மாதிரி. அதுல ஹயலுரோனான்னு ஒரு பிசின், உள்ள அழுத்தத்த ஏத்தி ரத்தக்குழாய நசுக்கிடுது, மருந்து உள்ளயே போகாது. சரி அந்தப் பிசின கரைச்சுட்டா கீமோ உள்ள போகுமேன்னு பெக்பிஎச்20ன்னு ஒரு என்சைம் செஞ்சாங்க. எலில பிரமாதமா வேலை செஞ்சுது. கேக்கும்போதே எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. ஃபோல்ஃபிரினாக்ஸோட அத சேத்து அமெரிக்காவுல சோதிச்சாங்க, ஃபோல்ஃபிரினாக்ஸ் மட்டும் வாங்குனவங்களுக்கு 14.4 மாசம், என்சைம் சேத்து வாங்குனவங்களுக்கு 7.7 மாசம். பாதி. பக்கவிளைவு தாங்காம கீமோவையே சரியா குடுக்க முடியாம போச்சு. ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்சலோட சேத்த ஃபேஸ் 3ல 11.2, வெறும் கீமோல 11.5, பிரயோஜனமே இல்ல. கம்ப்யூட்டர் ரெண்டா பிரிச்சு பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலன்னா இத யாருமே கண்டுபிடிச்சிருக்க மாட்டோம், நல்லது செய்யறோம்னு நெனச்சுக்கிட்டே ஊர்பூரா குடுத்திருப்போம். எல்லாத்தையும் மொதல் நாளே சேத்து குடுக்காததுக்கு காரணம் இதுதான்.

ஜாஸ்தி மருந்து சேந்ததுதான் ஜெயிக்கும்னும் கிடையாது. ஜப்பான்ல ஒரு பெரிய ட்ரையல்ல நாப்-பாக்லிடாக்சல் ப்ளஸ் ஜெம்சிடபினுக்கு எதிரா டோஸ் கொறச்ச ஃபோல்ஃபிரினாக்ஸ வச்சாங்க, நாப்-பாக்லிடாக்சல் பக்கம் 17.1 மாசம், ஃபோல்ஃபிரினாக்ஸ் பக்கம் 14.0 மாசம்னு வந்து பாதிலயே நிறுத்துனாங்க. அதே சமயம் நாப்போலி-3ன்னு 770 பேர் ட்ரையல்ல கொழுப்பு உறைக்குள்ள வச்ச இரினோடெகானோட நாலு மருந்து சேத்தது 11.1, நாப்-பாக்லிடாக்சல் ப்ளஸ் ஜெம்சிடபின் 9.2. ஊருக்கு ஊர், ட்ரையலுக்கு ட்ரையல் ஆளும் மாறுது, ரெண்டாவது வைத்தியம் எத்தன பேருக்கு கெடச்சுதுங்கறதும் மாறுது. வேற வேற ட்ரையலோட நம்பர எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு இது பெருசு அது சின்னதுன்னு பாக்காதீங்க, ஒரே ட்ரையலுக்குள்ள மட்டும்தான் ஒப்பிடணும்.

காவேரிக்கரை, நீங்க நெட்ல பாத்த 8, 11 எல்லாம் மீடியன். நூறு பேர வரிசையா நிக்க வச்சா அம்பதாவது ஆள் எங்க நிக்கிறாருங்கறதுதான் அது. அதுக்கு அந்தப்பக்கம் அம்பது பேர் இருக்காங்க, அதுல சிலபேர் ரெண்டு வருஷத்தையும் தாண்டுறாங்க. உங்க அப்பாவுக்கு யாரும் தேதி குறிச்சு வைக்கல. நடந்து டீக்கடைக்கு போறாருன்னு எழுதுனீங்களே, சிஏ 19-9ங்கற கேன்சர் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட விட எனக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

ஒரு கேள்வி, இத விட்டுடாதீங்க. உங்க வீட்டுல, அப்பா வழில, யாருக்காவது மார்பக கேன்சர், சினைப்பை கேன்சர், ப்ராஸ்டேட் கேன்சர் வந்திருக்கா?

ராஜி_அம்மா_57

கண்ணு, நான் டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இதே நோய், ஃபோல்ஃபிரினாக்ஸ் போட்டாங்க, ட்ரையல் இல்ல. 14 மாசம் இருந்தாரு. அதுல பத்து மாசம் நல்லா இருந்தாரு, பேத்தி காதுகுத்துக்கு மடில உக்கார வச்சுக்கிட்டாரு. அந்த பத்து மாசத்த எனக்கு குடுத்தது அந்த மருந்துதான், அதனால மருந்த நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா வீட்டுல பாத்துக்கற நமக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் நெறைய இருக்கு, அத சொல்றேன்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறுன நாலஞ்சு நாளைக்கு குளிர்ச்சியா எதையும் தொடக்கூடாது. மொத தடவ எனக்கு தெரியாது, வெயிலா இருக்கேன்னு பானைத் தண்ணிய மோந்து குடுத்துட்டேன், தொண்டைய யாரோ புடிச்சு அழுத்துற மாதிரி ஆகி மூச்சே நின்னுடும்போல பயந்துட்டாரு. அப்புறம் எல்லாமே வெதுவெதுப்பான தண்ணிதான், காலைல எவர்சில்வர் டம்ளர தொடுறதுக்கு கூட கைக்கு காட்டன் க்ளவுஸ். 5-எஃப்யூவ வீட்டுக்கே குடுத்தனுப்புவாங்க, சின்ன பாட்டில் மாதிரி ஒரு பம்ப், 46 மணி நேரம் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும், இடுப்புல ஒரு பை தச்சு அதுல போட்டு விட்டேன், ராத்திரி தூங்கும்போது ட்யூப் மடங்காம பாத்துக்கணும்.

காய்ச்சல், கண்ணு. இத கெட்டியா புடிச்சுக்க. மூணாவது சைக்கிள் (மூணாவது தடவ கீமோ) முடிஞ்சு ஒம்போதாவது நாள் ராத்திரி லேசா ஒடம்பு சுட்டுச்சு. கீமோ போடுற எடம் தூரம்னு பக்கத்துல ஒரு நர்சிங் ஹோமுக்கு கூட்டிட்டுப் போனேன், கீமோல இருக்காருன்னு நான் சொல்லச் சொல்ல வைரல் காய்ச்சல்னு ஒரு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டாங்க, ரத்தம் கூட எடுத்துப் பாக்கல. விடியக்காலைல கை கால் சில்லுன்னு ஆகி பேச்சு கொழறுச்சு. வெள்ளை அணு சுத்தமா கீழ, ஆறு நாள் ஐசியூ. இன்னைக்கு நெனச்சாலும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. வீட்டுல தெர்மாமீட்டர் வாங்கி வை, 100.4 தாண்டுனா மாத்திரைய போட்டு காய்ச்சல மறைக்காத, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கீமோ போடுற எடத்துக்கு போன் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு கெளம்பு. ஏன் எடை கொறையுதுன்னு தெரியாமலே நாங்க மூணு மாசம் முழிச்சோம், கணையம் வேலை செய்யாததால சாப்பிட்டதெல்லாம் எண்ணெயா வெளிய போயிட்டு இருந்துச்சு, சாப்பாட்டோட என்சைம் கேப்சூல் குடுத்த அப்புறம்தான் நின்னுச்சு. டாக்டர் அவராவே எழுதலன்னா நீ வாய்விட்டு கேளு. வலிக்கு மார்ஃபின் எழுதுனா பயப்படாத, வலியோட இருந்தா சாப்பிடவும் மாட்டாரு, தூங்கவும் மாட்டாரு, கீமோவும் தாங்காது.

மலையடிவாரம்

எங்க மாமாவுக்கு நுரையீரல்ல வந்தப்ப கீமோவோட கூட ஒரு கஷாயம் குடுத்தோம், பசி எடுத்துச்சு. உங்க அப்பாவுக்கும் குடுத்துப் பாக்கலாமேன்னுதான் சொல்றேன், டாக்டர்கிட்ட சொல்ல வேணாம், திட்டுவாங்க.

இரவுப்பணி_மருத்துவன்

மலையடிவாரம், அக்கறைலதான் சொல்றீங்க, ஆனா டாக்டர்கிட்ட சொல்ல வேணாம்ங்கறத மட்டும் தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. இரினோடெகான் மாதிரி மருந்தெல்லாம் லிவர் வழியாத்தான் ஒடைஞ்சு வெளிய போகுது. கூட போற மூலிகை அந்த வேலைய வேகப்படுத்துனா மருந்து பத்தாது, தடுத்தா விஷமாகும். ட்ரையல்ல இருக்கும்போது சொல்லாம எதையாவது குடுத்தா, லிவர் ரிப்போர்ட் ஏறுனா அது புது மாத்திரையாலயா கஷாயத்தாலயான்னு யாருக்கும் தெரியாது, அவர ட்ரையல்லேந்து எடுக்க வேண்டியதா கூட ஆகலாம். திட்டுவாங்கன்னு பயந்து மறைக்க வேண்டிய நெலமைல பேஷன்ட்ட வச்சிருக்கறது எங்க தப்பு, அத ஒத்துக்கறேன். ஆனாலும் சொல்லிடுங்க.

காவேரிக்கரை_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவுக்கு ஒவ்வொண்ணா படிச்சு காட்டுனேன். ராஜியம்மா, உங்க பதில படிக்கும்போது அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க, அப்புறம் வந்து அந்த காய்ச்சல் விஷயத்த திரும்ப படின்னாங்க.

டாக்டர் சார், நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன். அப்பாவோட அக்கா, எங்க பெரிய அத்தை, 41 வயசுல மார்புல கட்டி வந்து போனாங்க, நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். அந்த அத்தையோட பொண்ணுக்கும் மூணு வருஷம் முன்னாடி சினைப்பைல வந்து ஆபரேஷன் பண்ணி இப்ப நல்லா இருக்கா. இதெல்லாம் அப்பா நோயோட சம்பந்தப்பட்டதுன்னு எங்க யாருக்கும் தோணல, எந்த ஆஸ்பத்திரிலயும் யாரும் கேக்கவும் இல்ல.

இரவுப்பணி_மருத்துவன்

இது ரொம்ப முக்கியம், வியாழக்கிழமை மொதல்ல இதத்தான் சொல்லணும் நீங்க.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ன்னு ரெண்டு ஜீன், டிஎன்ஏல ஒடைஞ்சத சரி பண்றது அதோட வேலை. அதுல பிறவிலயே பிழை இருந்தா மார்பகம், சினைப்பை, ப்ராஸ்டேட், கணையம் எல்லாத்துலயும் கேன்சர் வாய்ப்பு கூடும். பரவுன கணைய கேன்சர்ல நூத்துல சுமார் 5லேந்து 7 பேருக்கு இது இருக்கு, உங்க குடும்பக் கதைய கேட்டா உங்க அப்பாவுக்கு வாய்ப்பு அதவிட கூட. இருந்தா என்ன மாறும்னா, ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் மாதிரி பிளாட்டினம் மருந்து டிஎன்ஏவ ஒடைக்கிற மருந்து, சரி பண்ற ஜீனே இல்லாத கட்டி அத தாங்காது, அதனால இவங்களுக்கு பிளாட்டினம் இருக்குற காம்பினேஷன்தான் மொதல்ல நாங்க யோசிப்போம். அது நல்லா கேட்டா, அப்புறம் இந்த ஜீன் பிழை இருக்குறவங்களுக்கு குடுக்குற ஓலாபரிப்ங்கற மாத்திரைய மட்டும் வச்சு ஓட்ட வழியிருக்கு. 2019ல போலோன்னு ஒரு ட்ரையல், 3315 பேர சோதிச்சு 154 பேர சேத்தாங்க, பிளாட்டினம் கீமோல நோய் அடங்கி நின்னவங்க மட்டும். மாத்திரை வாங்குனவங்களுக்கு நோய் திரும்ப வளராம இருந்தது 7.4 மாசம், ப்ளாசிபோல 3.8 மாசம். மொத்த ஆயுசு கூடலங்கறதையும் சொல்லிடணும், ஆனா அந்த நாளெல்லாம் ஊசி இல்லாம மாத்திரையோட வீட்டுல இருக்கறது சின்ன விஷயம் இல்ல.

உங்க ட்ரையல்ல ரெண்டு பக்கமும் பிளாட்டினம் கெடையாது. அதனால சேரக்கூடாதுன்னு நான் சொல்லல, உங்க அப்பாவ பாத்தது உங்க டாக்டர், நான் இல்ல. ஆனா இந்த தகவல் தெரியாம அவர் ட்ரையல் கேட்டிருக்காரு, தெரிஞ்சா அவர் யோசனையே மாறலாம். எவ்வளவு நல்ல ட்ரையலா இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு நியாயமா இருக்கற ஆளுக்குத்தான் கம்ப்யூட்டர் பிரிக்கலாம். டெஸ்ட் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும், அது வரைக்கும் கீமோ இல்லாம காத்திருக்கறது இந்த நோய்ல நல்லதில்ல, அதையும் கேளுங்க. அப்பாவுக்கு பாசிட்டிவ்னா நீங்களும் தம்பியும் டெஸ்ட் பண்ணிக்கணும், பிழை உங்களுக்கும் வந்திருக்க ரெண்டுல ஒரு பங்கு வாய்ப்பு. பெரிய அத்தை பொண்ணுக்கு ஏற்கனவே டெஸ்ட் பண்ணியிருக்கலாம், அந்த ரிப்போர்ட் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.

நொய்யல்_காத்து

டாக்டர் சொன்னதோட ஒண்ணு. தங்கச்சி, வேற கீமோ ஒரு தடவ ஏத்திட்டாலும் இந்த மாதிரி மொதல் வைத்தியத்துக்கான ட்ரையல்ல அப்புறம் சேக்க மாட்டாங்க. அதனால கதவு எதுக்கு எப்ப மூடும்னு கோஆர்டினேட்டர்கிட்ட தெளிவா கேட்டுட்டு முடிவெடுங்க. வேணாம்னு சொன்னா அவர் மொகம் சுளிச்சாருன்னாலும் நீங்க கவலப்படாதீங்க, எங்க வேலைல வேணாம்ங்கறதும் ஒரு சரியான பதில்தான்.

காவேரிக்கரை_பொண்ணு

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி போயிட்டு வந்தோம், என்னாச்சுன்னு சொல்றேன்.

அத்தை பொண்ணு அவ ஃபைல வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா, அதுல பிஆர்சிஏ2 பாசிட்டிவ்னு இருக்கு. அவ டாக்டர் அன்னைக்கே சொந்தக்காரங்களுக்கு சொல்லச் சொல்லி எழுதியும் குடுத்திருக்காரு, ஆனா அவ அம்மாவும் இல்ல, எங்க அப்பா வீட்டு பக்கம் பேச்சுவார்த்தையும் இல்லாததால யார்கிட்டயும் சொல்லல. மூணு வருஷமா ஒரு பீரோக்குள்ள இருந்திருக்கு. அவ மேல கோவம் வரல எனக்கு, அவளும் தனியா அழுதிருப்பா.

டாக்டர் ஃபைல பாத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் ட்ரையல் ஃபார்ம மூடி வச்சுட்டு, இது தெரிஞ்சிருந்தா நானே உங்கள கேட்டிருக்க மாட்டேன்னாரு. அப்பாவுக்கு ரத்தம் எடுத்து அனுப்பியாச்சு, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம டோஸ் கொஞ்சம் கொறச்ச ஃபோல்ஃபிரினாக்ஸ் ஆரம்பிக்கலாம்னு முடிவாச்சு. ட்ரையல் கதவு மூடிருச்சுங்கறதையும் சொன்னாரு. தம்பி போன்ல இருந்தான், அவனும் டெஸ்ட் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டான்.

அப்பா டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வரணும்னா காலைல 6.10 வண்டில வந்தா சாயங்காலம் வீடு திரும்பிரலாமான்னு. அந்த பம்ப மாட்டிக்கிட்டு ஜன்னலோர சீட்டுல உக்காரலாம்னு நர்ஸ் சொன்னதும்தான் சிரிச்சாரு.

திங்கக்கிழமை நெஞ்சுல தோலுக்கு அடில, மருந்து ஏத்துறதுக்கு போர்ட்னு ஒண்ணு வைக்கிறாங்க. ராஜியம்மா, க்ளவுஸ், தெர்மாமீட்டர் ரெண்டும் வாங்கிட்டேன், இடுப்புப் பை அம்மா தச்சுட்டாங்க. பேதி ஆனா லோபராமைட் எப்படி போடணும்னு நர்ஸ் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காங்க, போன் நம்பரும் அதுலயே இருக்கு, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன்.

ராஜி_அம்மா_57

ஃப்ரிட்ஜ்ல வேணாம் கண்ணு, பேப்பர பாக்கறேன்னு அவரு போயி கதவ தொறந்துடுவாரு. பீரோ கண்ணாடில ஒட்டு. அம்மா தச்ச பைக்கு பட்டை அகலமா இருக்கான்னு பாரு, எங்க வீட்டுல நாடா வச்சு தச்சு இடுப்புல தழும்பாயிடுச்சு. திங்கக்கிழமை ராத்திரி எத்தன மணி ஆனாலும் ஒரு வரி எழுது, நான் முழிச்சுதான் இருப்பேன்.